நாள் கொடுக்கிற வேலை

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே ஆணியில் மூன்று காலண்டர் தொங்குகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள். மேலே இருப்பது முப்பது நாள் கணக்குக்கு. நடுவில் இருப்பதும் முப்பது நாள் கணக்குக்குத்தான், ஆனால் அது வேறு முப்பது. கீழே இருப்பது நாற்பத்தைந்து. தகவல் கேட்டு மனுப் போட்டால் பதில் தர அலுவலகத்துக்கு முப்பது நாள். பதில் பிடிக்காவிட்டால் மேல்முறையீடு செய்ய எனக்கு முப்பது நாள். அதைத் தீர்த்துவைக்க மேலதிகாரிக்கு நாற்பத்தைந்து நாள். இவ்வளவுதான் சட்டம். மூன்றையும் சேர்த்துத் தொங்கவிட்டால் ஆணி தாங்காது என்று என் மனைவி சொன்னாள். தாங்கியது.

விசாரணை அதிகாரி அம்மாவுக்கு வணக்கம். உங்கள் நோட்டீஸ் ஒன்பதாம் தேதி என் கைக்கு வந்தது. ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரச் சொல்லியிருக்கிறீர்கள். வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆக, இன்று பதினாறாம் தேதிதான் ஏழாம் நாள். மாலை ஐந்து இருபத்தைந்துக்கு இதை உங்கள் தபால் பிரிவில் கொண்டுவந்து கொடுப்பேன். ஐந்தரைக்கு மூடுவார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகர மாட்டேன். உங்கள் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பரவாயில்லை, அந்த முகத்தை முப்பத்தோரு வருஷம் நானே வைத்திருந்தேன்.

நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இறந்துபோன தகவல் அலுவலருக்கு இதய நோய் இருந்தது எனக்குத் தெரியுமா. அவருக்கு அறுவை சிகிச்சை குறித்திருந்த தேதி தெரியுமா. தெரிந்தேதான் அந்தக் கடைசி மனுவைக் கொடுத்தேனா. மூன்றும் நல்ல கேள்விகள், சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர்களைக் கண்டால் எனக்கு மரியாதை வந்துவிடும். பதில் வரும். இன்னும் நேரம் இருக்கிறது.

நான் அந்த நகராட்சி அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். கடைசி இருபத்தாறு வருஷம் தேதி முத்திரை என் கையில்தான் இருந்தது. மரக் கைப்பிடி, அடியில் நான்கு ரப்பர்ச் சக்கரம். பெருவிரலால் ஒரு பல் முன்னே தள்ளினால் நாளை. ஒரு பல் பின்னே இழுத்தால் நேற்று. வெளியே உட்கார்ந்திருக்கும் ஜனங்கள், நாள் என்பது சூரியன் பார்த்துக்கொள்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அலுவலகத்துக்குள் அது என் மேசையிலிருந்து கிளம்பும். நான் முத்திரை குத்தாதவரை எந்தக் காகிதமும் வந்ததாக அர்த்தமில்லை. அது கவுண்டரில் கிடக்கலாம், தரையில் கிடக்கலாம், என் பிஸ்கட் டின்னில் கிடக்கலாம். ஆனால் வரவில்லை.

பதில் தர நாள் போதாத பிரிவுகளிலிருந்து ஆள் வருவார்கள். "அண்ணே, ரெண்டு நாள் கிடைக்குமா" என்பார்கள், ஏதோ என் வீட்டுக் கொல்லையில் காய்த்துக் கிடப்பதுபோல. மனுவை டின்னில் போட்டு மூடி, இரண்டு நாள் கழித்து முத்திரை குத்துவேன். முப்பது நாள் முப்பத்திரண்டாக நீளும். அந்தக் கட்டடத்திலிருந்துதான் ஊருக்குச் சாலை போட்டார்கள், குழாய் போட்டார்கள், எல்லாம் உடைந்தது. உடையாத ஒரு பொருளை உற்பத்தி செய்தவன் நான் ஒருத்தன்தான். நான் நாள் செய்து கொடுத்தேன். ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை.

மேல்முறையீடு வரும்போது அதே சக்கரம் வேறு விதமாக உதவும். அது மனுதாரர் செய்ய வேண்டியது, அவருக்குத்தான் முப்பது நாள் கெடு. இருபத்தொன்பதாம் நாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். டின்னில் இரண்டு நாள் தூங்கினால் முப்பத்தோராம் நாள் வந்ததாக ஆகிவிடும். காலம் கடந்தது, தள்ளுபடி. ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் காகிதத்தை நான் தொட்டதே இல்லை. அதில் நான் நியாயஸ்தன்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. கவுண்டரில் உட்காரும் பெண், காகிதம் கைக்கு வந்ததும் பதிவேட்டில் தன் கையால் தேதியை எழுதிவிடும். அது எழுதுவது உண்மைத் தேதி, நான் குத்துவது தேவையான தேதி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் பொறுமை கிடையாது. ஒருவரைத் தவிர.

அவரை எல்லோரும் 'சரிபார்ப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்தான் தகவல் அலுவலர். என்னைவிட நான்கு வயது சின்னவர், என்னை அண்ணே என்பார். எந்தக் காகிதத்தையும் மூன்று முறை சரிபார்ப்பார். ஒவ்வொரு முறையும் வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பொடி டிக். இரண்டாவது டிக் முடிந்ததும் முகப்புக் கடிதத்தில் கையெழுத்து. உறையை ஒட்டுவதற்கு முன்னால் மூன்றாவது டிக். கையெழுத்துப் போட்ட பிறகுதான் தப்பு கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. மூன்று டிக் விழாத காகிதம் அவர் மேசையைத் தாண்டியதில்லை. இதை வைத்து அவரைப் பண்ணாத கிண்டல் இல்லை. கல்யாணத்துக்குப் பெண்ணை மூன்று தடவை பார்த்துத்தான் சம்மதம் சொன்னாராம், மூன்றாவது தடவை பெண்ணே "இவரு இன்னுமா முடிக்கல" என்று கேட்டதாம். அவரே சொல்லிச் சிரிப்பார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் இருந்தார். அவர் வீட்டை இடிக்க உத்தரவு. அந்த உத்தரவு எப்படி வந்தது என்று கோப்பைக் கேட்டு மனுப் போட்டார், மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தார். எனக்கு மேலே இருந்து ஒரு வார்த்தை வந்தது, நான் இரண்டு நாள் கொடுத்தேன். தள்ளுபடி ஆனது. வீட்டை இடித்தார்கள். சின்ன வீடுதான், அரை நாளில் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

அந்த ஆள் சும்மா இருந்திருக்கலாம். பதிவேட்டின் நகல் கேட்டு இன்னொரு மனுப் போட்டார். அது சரிபார்ப்பிடம் போனது. நான்காம் நாளே நகல் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு விட்டாரா, பதிவேட்டுத் தேதிக்கும் முத்திரைத் தேதிக்கும் இரண்டு நாள் வித்தியாசம் உள்ளது என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரியும் எழுதினார். மூன்று டிக்கோடு.

நான் அவர் அறைக்குப் போனேன். சண்டைக்கு இல்லை.

"முப்பது நாள் இருக்கே தம்பி. அப்படி என்ன அவசரம்?"

"முப்பது நாளுக்குள்ளன்னுதான்ணே சட்டம். முப்பதாம் நாள்னு இல்ல."

"அந்த வரி எதுக்கு எழுதினீங்க? அவர் நகல்தானே கேட்டாரு."

"கண்ணுல பட்டுடுச்சுண்ணே. பட்டதை எப்படி எழுதாம விடறது?"

அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு மனசிலிருந்து விட்டுப்போயிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

விசாரணை வந்தது. மூன்று நான்கு முறை கை தவறியிருக்கலாம் என்று சொன்னேன். முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார்கள். ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. ஓய்வு பெறுகிறவர்களை நடு நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றி நின்று குரூப் போட்டோ எடுப்பது அந்த அலுவலகத்து வழக்கம். எனக்கு எடுக்கவில்லை. அன்றைக்காக முதல் நாளே தலைக்குச் சாயம் போட்டிருந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தலையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"போட்டோ எங்க?"

"எடுக்கல."

"அப்ப சாயம் வீணா" என்றாள். அவள் ஆறுதல் சொல்கிற விதம் அது.

ஓய்வு பெற்ற மறுநாளே முதல் மனுவைக் கொடுத்தேன். இதை ஒளிக்கவில்லை, உங்கள் கோப்பிலேயே இருக்கும். மூன்று வருஷத்தில் இருநூற்று நான்கு மனு. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று கேட்கக் கூடாது. சட்டம் எழுதியவர்கள் என்னை மாதிரி ஒருவனை நினைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அலுவலகத்தில் நான்கு காலும் சரியாக இல்லாத நாற்காலிகள் எத்தனை என்று கேட்டேன். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. பதினொன்று, அவற்றில் இரண்டில் தற்போது அலுவலர்கள் அமர்ந்துள்ளனர். பத்து வருஷத்தில் கோப்பு கட்டச் செலவான நூலின் நீளம் கேட்டேன். வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் 'விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். இவர் கொள்முதல் சீட்டுகளைத் தோண்டி எடுத்து, மீதமிருந்த நூல்கண்டை அளந்து கழித்து, நான்கு கிலோமீட்டர் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று எழுதினார். கூடவே, அளக்கும்போது ஓர் அங்குலம் முன்பின் இருக்கலாம், பொறுத்துக்கொள்ளவும் என்று ஒரு குறிப்பு. மூன்றாம் மாடிப் பழைய பதிவேட்டு அறைக்கு எத்தனை படி என்று கேட்டேன். ஏறும்போது ஐம்பத்தெட்டு, இறங்கும்போதும் ஐம்பத்தெட்டு, மூன்று முறை எண்ணப்பட்டது என்று பதில் வந்தது.

எனக்கு அந்தப் பதில்கள் பிடித்திருந்தன. உண்மையைத்தான் சொல்கிறேன். தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பேன். என் பிள்ளைகள்கூட எனக்கு அவ்வளவு கடிதம் எழுதியதில்லை. எல்லாவற்றையும் அதே பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்தேன்.

"அந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லன்னு நினைச்சீங்களா?" என்று மனைவி கேட்பாள்.

"இதுதான் அவர் வேலை."

"உங்களுக்கு?"

"எனக்கும்."

"ரெண்டு பேரும் ஒரே வீட்ல குடித்தனம் பண்ணிடுங்க. தபால் செலவாவது மிச்சம்."

இந்த வருஷத் தொடக்கத்தில் அவருடைய பதில்கள் முப்பதாம் நாளை ஒட்டி வர ஆரம்பித்தன. இருபத்தொன்பது, முப்பது. கையெழுத்தில் ஒரு சின்ன நடுக்கம். முத்திரையையும் கையெழுத்தையும் பார்த்தே வயதானவன் நான், எனக்குத் தப்பாது. ஆனாலும் அவர் ஒருமுறையும் கெடுவைத் தாண்டியதில்லை. ஒரு நாள் தாண்டினாலும் அவருடைய பணிப்பதிவேட்டிலும் சிவப்பு மை விழும். அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அதற்காகத்தான் நான் மூன்று வருஷமாகக் காத்திருந்தேன். ஒரு வரி. என்னுடையதைப் போல ஒரே ஒரு வரி. அதற்கு மேல் அவரிடம் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், பதினேழாம் தேதி மாலை அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண். கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தது. என் மனைவி உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் மூன்று காலண்டரையும் பார்த்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே, அவருக்குத் தெரியாம வந்திருக்கேன். அவருக்கு இதயத்துல வால்வு ஒண்ணு சரியா மூடலையாம். அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி ஆபரேஷன். பதினேழு அன்னிக்குச் சேரணும்."

"அப்படியா" என்றேன்.

"டாக்டர் போன மாசமே சொன்னாரு. இவர்தான், அண்ணனோட மனு நாலு பாக்கியிருக்கு, முடிச்சுட்டு வரேன்னாரு. அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள நாலும் முடிஞ்சிடும். அது வரைக்கும் புதுசா எதுவும் போடாதீங்கண்ணே. ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்புறம் எவ்வளவு வேணாலும் போடுங்க, நானே டைப் பண்ணித் தரேன்."

"வேற யாரையாவது பார்க்கச் சொல்லலாமேம்மா."

"மத்தவங்க ஒரு தடவைதான் சரிபார்க்கிறாங்களாம்" என்று சொல்லி அந்தப் பெண் சிரித்தது. சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தது. பிறகு என் முகத்தையே கூர்ந்து பார்த்தது. நான் சங்கடமாக நெளிந்தேன்.

"கண்ணாடி ஒரு பக்கம் சாஞ்சிருக்குண்ணே. குடுங்க."

கழற்றிக் கொடுத்தேன். கோட்டுப் பையிலிருந்து ஒரு குட்டித் திருப்புளியை எடுத்துத் திருகை இறுக்கி, முந்தானையால் துடைத்து, என் காதில் தானே மாட்டிவிட்டது. தொழில் பழக்கம். "இப்பப் பாருங்க" என்றது.

பார்த்தேன். காலண்டர் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நடப்பு மாதத்துக்கு முப்பது நாள். நாளைக்குப் பதினெட்டு. கொடுத்த நாளைச் சேர்க்காமல் எண்ணினால், முப்பதாம் நாள் அடுத்த மாதம் பதினெட்டு.

"யோசிக்கிறேம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த என் மனைவி, "பாவம்ங்க. இனிமே எழுத மாட்டீங்கல்ல?" என்றாள். ஒன்றே ஒன்றுதான் எழுதுவேன் என்றேன். கடைசியாக ஒரு நன்றிக் கடிதம் எழுதப்போகிறேன் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பிறர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

மறுநாள், பதினெட்டாம் தேதி, மாலை ஐந்து இருபத்தைந்துக்கு மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். என்ன கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்தில், பதிவேட்டுத் தேதியும் என் முத்திரைத் தேதியும் வேறுபட்ட இனங்கள் எத்தனை, அவை எவை, அவற்றால் தள்ளுபடியான மேல்முறையீடுகள் எவை, சம்பந்தப்பட்டவர்களின் பெயர் விலாசம்.

என்னைப் பற்றி நானே கேட்டதில் உங்களுக்குக் குழப்பம் இருக்கும். அதில் குழப்பமே இல்லை. மாதத்துக்கு ஒரு பதிவேடு, வருஷத்துக்குப் பன்னிரண்டு. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் கட்டி வைத்த மனுக்களோடு ஒப்பிட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து, பதினொன்று என்று போட்டால் சரியாக முப்பது நாள். லீவு நாளிலும் வர வேண்டியிருக்கும். எல்லாம் மூன்றாம் மாடியில் இருக்கின்றன. மின்தூக்கி கிடையாது, படி ஐம்பத்தெட்டு. அவரே எண்ணிக் கொடுத்த கணக்கு. முப்பது நாளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு கேள்வி, அம்மா. அதை எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

இருபதாம் நாள் அவர் போன் செய்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. சொல்லுங்க."

"உங்க மனுதான் பார்த்துட்டிருக்கேன். நல்ல கேள்விண்ணே. இதை யாராவது என்னிக்கோ கேட்டிருக்கணும்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு பத்து நாள் கூடக் கிடைக்குமா? மனுதாரருக்கு ஆட்சேபனை இல்லன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், விதியில இடமிருக்கு. எனக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி வேலை இருக்கு."

இருபத்தாறு வருஷம் அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னிடம் கேட்டதைத்தான் அவரும் கேட்டார். அவர் ஒருத்தர்தான் அதுவரை கேட்காமல் இருந்தவர்.

"நாள் குடுக்கிற வேலையில இருந்து என்னை எடுத்ததே நீங்கதானே தம்பி."

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், எனக்குச் சிரிப்பின் தரம் தெரியும். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அதுவும் சரிதான்ணே. முப்பதுக்குள்ள குடுத்துடறேன்."

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் தள்ளிக் கேட்டார் என்பதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நான் தள்ளச் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு வழி இருந்தது. 'விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று இரண்டே வார்த்தை. உலகத்தில் எந்த அலுவலகத்திலும் அதை எழுதி எவரும் செத்ததில்லை. இல்லாவிட்டால் ஒரு நாள் தாமதித்து, சிவப்பு மையில் ஒரு வரியை வாங்கிக்கொண்டு என்னைப் போலச் சௌக்கியமாக இருந்திருக்கலாம். நான் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்.

முப்பதாம் நாள், பதினெட்டாம் தேதி, நாலே முக்காலுக்கு மூன்றாம் மாடிப் பதிவேட்டு அறை மேசையில் தலை சாய்ந்திருந்தாராம். தபால் பிரிவில் இப்போது இருக்கும் பெண், அன்றைய கடைசித் தபால் கட்டுக்கு எனக்கான பதிலை வாங்கிப்போக ஏறி வந்திருக்கிறது. தூங்குகிறார் என்று நினைத்து, கைக்கடியில் இருந்த காகிதங்களை மெதுவாக உருவி, முகப்பில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, உறையில் போட்டு ஒட்டி, கீழே போய் முத்திரை குத்தி ஐந்து மணிக் கட்டில் சேர்த்திருக்கிறது. திரும்ப ஏறி வந்து எழுப்பியபோதுதான் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்ணை நீங்கள் ஒன்றும் செய்துவிடாதீர்கள். வேலை தெரிந்த பெண். கெடு தவறவில்லை.

பதில் எனக்கு இருபதாம் தேதி கிடைத்தது. நாற்பத்து மூன்று பக்கம். தேதி வேறுபட்ட இனங்கள் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று. அவற்றால் தள்ளுபடியான மேல்முறையீடுகள் இருநூற்றுப் பதினான்கு. மூன்று நான்கு முறை என்று விசாரணையில் சொன்னேன் அல்லவா, ஞாபகம் கொஞ்சம் பிசகியிருக்கிறது. ஓய்வூதியம் கேட்டவர்கள், மகனின் விபத்து அறிக்கை கேட்டவர்கள், குடிதண்ணீர்ப் பரிசோதனை கேட்ட ஒரு தெரு முழுக்க, எல்லோரும் பெயர் விலாசத்தோடு வரிசையாக இருந்தார்கள். வேன் ஓட்டுகிறவர் இருநூற்று ஒன்பதாவது.

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து முழுதும் படித்தாள். படிக்க வெகு நேரம் ஆனது.

"இவங்கல்லாம் யாரு?"

"மனுதாரர்கள்."

"ஆளுங்களான்னு கேட்டேன்."

வாய்மொழிக் கேள்விக்குக் கெடு எதுவும் கிடையாது. மறுநாள் காலையில் ஒரு பெட்டியோடு மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "மூணு காலண்டரையும் நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். நான் எப்படியும் கொடுத்திருக்க மாட்டேன்.

கண்ணாடிக் கடைப் பெண்ணை இரண்டு நாள் கழித்துத் தெருவில் பார்த்தேன். அது என்னைத் திட்டும் என்று எதிர்பார்த்தேன். அருகில் வந்து நின்று, என் கண்ணாடியை மட்டும் பார்த்தது. அது நேராகத்தான் இருந்தது. திரும்பித் தன் வழியே போய்விட்டது. உங்களுக்குப் புகார் எழுதியது அந்தப் பெண்தான் என்பதும் எனக்குத் தெரியும், புகாரின் நகலை மனுப் போட்டு வாங்கிவிட்டேன்.

இப்போது உங்கள் மூன்று கேள்விக்கும் வருகிறேன். அவருக்கு இதய நோய் இருந்தது தெரியும். தேதி தெரியும், அதை எண்ணித்தான் மனுக் கொடுத்தேன். அவர் நாள் கேட்டபோது ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்பதும் தெரியும். எழுதவில்லை. அவர் அந்தப் படிகளை ஏறி இறங்குவார் என்று தெரிந்தேதான் அந்தக் கேள்வியை அந்த அறைக்கு அனுப்பினேன். மூன்றுக்கும் ஆம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்பதைத் தேடுவது உங்கள் பாடு. நான் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. கிடைத்தால் முப்பது நாளுக்குள் எனக்குத் தெரியப்படுத்தவும். வருத்தப்படுகிறேனா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் தரும் பழக்கம் எனக்கு இல்லை. அது அவருடைய பழக்கம்.

ஒரு விஷயம் மட்டும் மனசுக்குச் சரியில்லை. நாற்பத்து மூன்று பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒவ்வொரு வரி ஓரத்திலும் மூன்று டிக் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஆறு வரி. முதல் இரண்டு வரிக்கு மூன்று டிக். மற்ற நான்கு வரிக்கு இரண்டுதான். மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் இப்படி அரைகுறையாக நடந்துகொண்டதில்லை. முழுமையாகச் சரிபார்க்கப்படாத பதிலை நான் ஏற்றுக்கொள்வதற்கில்லை. மேல்முறையீட்டுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.